சோம்பேறிக்கு வரைந்த படம்

ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போதுதான் எனக்கு அந்தக் கோபம் வந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பிரியாணிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கடை. கண்ணாடியின் மேல் டிக்சனரியைக் கவிழ்த்து, அதன் முதுகு முறிந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தேன். பச்சை வெளிச்சம் ஓடி முடித்தது. தாள் சூடாக வெளியே வந்தது. 'ஐடில்' என்ற சொல் இருக்கும் பக்கம். பொருள்: உழைக்க மனமற்ற, சோம்பலான. பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம். தலைப்பாகை கட்டிய ஒருத்தன் பனைமரத்தடியில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறான். தலைமாட்டில் ஒரு மண்வெட்டி.

அந்தப் புத்தகத்தில் பாதியாவது என் கையால் நகல் ஆகியிருக்கும். அதில் உள்ள படங்களில் வீடு என்றால் புகைபோக்கி வைத்த வீடு. கிணறு என்றால் தலைக்கு மேல் கூரை போட்ட கிணறு. ஏர் என்றால் ரெண்டு குதிரை இழுக்கிற ஏர். பெண் என்றால் தரை வரைக்கும் பாவாடை கட்டி, வெயிலே இல்லாத ஊரில் குடை பிடித்து நிற்பவள். அத்தனை பக்கத்தில் நம்மூர் ஆள் ஒருத்தர் கிடையாது, நம்மூர் மரம் ஒன்று கிடையாது. முதன்முதலாக ஒரு பனையும் ஒரு தலைப்பாகையும் வருகின்றன. வந்த இடம் சோம்பேறி.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் அப்பா சித்தையன்கோட்டைப் பக்கம் கனகாம்பரம் போட்டிருக்கிறார். மண்வெட்டி எனக்குப் புதுசு இல்லை. படத்தில் இருந்த மண்வெட்டியின் தகடு ஒரு பக்கமாகத் தேய்ந்து, பாதியாகியிருந்தது. படம் போட்டவர் பார்த்ததைப் பார்த்தபடி போட்டிருக்கிறார். விடியற்காலையிலிருந்து வெட்டிவிட்டு உச்சி வெயிலுக்குச் செத்த நேரம் சாய்ந்திருக்கிற ஒரு மனுசன் அது. எங்கோ உட்கார்ந்து பொருள் எழுதிய ஆளுக்கு அவன் சோம்பேறியாகத் தெரிந்திருக்கிறான்.

"இன்னும் எத்தன காப்பிம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று புத்தகத்தை மூடினேன். இந்தச் சனியனை ஒழித்துவிட்டு வேறொரு டிக்சனரி நானே எழுதினால் என்ன என்று தோன்றியது அந்த நிமிசத்தில்தான். படிகளை ரெண்டு ரெண்டாகத் தாவி மேலே ஏறினேன்.

மேலே என்றால் மாடியில் இருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வேலை என்றால் வருகைப் பதிவு எடுப்பது, போர்டு துடைப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, மாஸ்டர் தொண்டை கட்டிக்கொண்ட நாளில் வகுப்பு எடுப்பது. மாஸ்டர்தான் முதலாளி, அவர்தான் ஒரே வாத்தியார். அந்த டிக்சனரி அவருடைய உயிர். அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டதால் அதை யார் எழுதினார்கள், எப்போது அச்சடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்று மட்டும் பெருமையாகச் சொல்வார். ஏதோ அந்தக் காலத்து அல்வா மாதிரி.

அதில் பொருள் சொல்லியிருக்கிற அழகைக் கேளுங்கள். நாய்: எல்லோரும் அறிந்த ஒரு விலங்கு. எல்லோரும் அறிந்திருந்தால் நீ எதற்கு? மாம்பழம்: வெப்ப நாடுகளின் கனி; பழகியவர்களுக்குச் சுவைக்கும். ரொட்டி என்ற சொல்லுக்கு 'உணவு' என்று போட்டிருக்கிறது. அரிசிக்கு 'கீழ்த்திசையாரின் உணவு'. அதாவது அவர்கள் தின்றால் உணவு, நாம் தின்றால் நம்முடைய உணவு. சோம்பேறி என்றால் சுறுசுறுப்பு இல்லாதவன். சுறுசுறுப்பானவன் யாரென்று புரட்டிப் பார்த்தால் சோம்பேறி அல்லாதவன். இப்படி ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிந்துகொண்டே ஆயிரம் பக்கம் போகிறது.

ஆனால் பொருளைவிடக் கொடுமை இங்கிலீஷில் இருக்கிற உதாரண வாக்கியம். தமிழில் சொல்கிறேன். ஆனெஸ்ட் என்ற சொல்லுக்கு, 'நாணயமான கூலியாள் துரையின் பணப்பையைத் திருப்பிக் கொடுத்து ஓர் அணா பெற்றான்.' பங்க்சுவலுக்கு, 'சமையல்காரன் குறித்த நேரத்துக்கு வரவில்லை, ஆகவே விலக்கப்பட்டான்.' பேஷன்ஸுக்கு, 'துரைசானி தன் ஆயாவின் மூடத்தனத்தைப் பொறுமையோடு சகித்தாள்.' எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு துரை உட்கார்ந்திருப்பார், ஒருத்தன் நின்றுகொண்டிருப்பான்.

மாஸ்டரின் பாடமுறை இந்த வாக்கியங்களில்தான் ஓடுகிறது. சொல்லையும் வாக்கியத்தையும் ஜோடியாக மனப்பாடம் செய்ய வேண்டும். அவர் சொல்லைக் கூப்பிடுவார், எழுந்து நின்று வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு எழுத்து மாறக் கூடாது. சொல்லைத் தனியாக எடுத்துப் பேசிவிடக் கூடாது. டிராவல்ஸில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் ஒருநாள் துணிந்து, வத்தலக்குண்டு பஸ் பங்க்சுவல் என்று தானாகவே ஒரு வாக்கியம் சொன்னார்.

"வத்தலக்குண்டு பஸ் என்னைக்குய்யா நேரத்துக்கு வந்துச்சு?" என்றார் மாஸ்டர். "பொய் சொல்றதுக்கா இங்கிலீஷ் படிக்க வந்த? சமையல்காரன் வாக்கியத்தச் சொல்லிட்டு ஒக்காரு."

வகுப்பே சிரித்தது. அந்த அண்ணன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. போனில் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் போனைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவார். அதில் இருப்பது டிக்சனரி இல்லையாம், வதந்தியாம்.

அன்றைக்கு மூச்சு வாங்க மேலே ஏறிப் போய் அந்த ஒற்றைத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"சார், இந்தப் பக்கம் வேண்டாம் சார்."

"ஏன், மிஷின் ரிப்பேரா?"

"படத்தப் பாருங்க."

பார்த்தார். "நல்லாத்தான விழுந்திருக்கு."

"மண்வெட்டி தேஞ்சிருக்கு சார். அவன் வேலை செஞ்சிட்டுப் படுத்திருக்கான். அவனப் போய் சோம்பேறின்னு போட்டிருக்காங்க."

"அவனுக்கு நீ நற்சான்று குடுக்கணும்னு யாரு கேட்டா? சொல் என்ன, பொருள் என்ன, வாக்கியம் என்ன. அம்புட்டுத்தான்."

"வாக்கியம் பூரா கூலி, ஆயா, சமையல்காரன். நம்ம ஆளுக துரை மாதிரியே நம்மளத் திட்டப் பழகிட்டு வெளிய போறாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் விளாசப் போகிறார் என்று அர்த்தம். "இங்க வர்றவன் எப்படி வர்றான், பாத்திருக்கியா? இங்கிலீஷ்னு சொன்னாலே நாக்கு உள்ள இழுத்துக்கும். அவன் வாயில ஒரு முழு வாக்கியத்த வச்சு அனுப்புறேன் நான். முழுசா, தப்பில்லாம. நீ என்னத்த வச்சு அனுப்புவ? ஒன் கோவத்தையா?"

"வேற வாக்கியம் வச்சு அனுப்புவேன்."

"எங்க இருக்கு? கொண்டா. ஒன் டிக்சனரியக் கொண்டாந்து இந்த மேசைல வையி. வைக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் இருபது காப்பி."

முழுக்க முட்டாள்தனமாகப் பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. வாயே திறக்காமல் வந்தவர்கள் அங்கே வாயைத் திறந்ததை நானே பார்த்திருக்கிறேன். திறந்த வாயிலிருந்து துரைசானி வந்தாள் என்பதுதான் சங்கடம்.

அந்தத் துரைசானி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மதினி, அண்ணன் பெண்டாட்டி, அதே சென்டரில் சாயங்கால வகுப்பில் படிக்கிறார். சின்னாளப்பட்டிப் பெண், பி.காம்., தமிழ் மீடியம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். எங்கள் காம்பவுண்டில் அவர் சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அண்ணன் நூல் மில்லில் ஷிப்ட்டுக்குப் போகிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மதினி வீட்டோடு. ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் சோறு வடிக்கும்போதும் சொல்வார், துணி காயப்போடும்போதும் சொல்வார்: "எனக்கு முன்னாடி ஒரு மேச, அதுல ஒரு போன். வர்றவுக என்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்."

பைபாஸ் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும். மதினி மனு போட்டார், வரச் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் இந்த மனப்பாடமெல்லாம்.

அவருக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. வாளியில் ஆரம்பித்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சண்டை. இருந்தாலும் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அடுப்படியில் போய் நின்றேன்.

"மதினி, பங்க்சுவலான்னு கேட்டா அந்தச் சமையல்காரன் வாக்கியத்த மட்டும் சொல்லிராதீக."

"அப்ப எதச் சொல்ல?"

"நான் நேரத்துக்கு வந்துருவேன்னு சொல்லுங்க."

"அது பொடிசா இருக்கு. மாஸ்டர் வாக்கியம் நீளமா இருக்கு. நீளமாச் சொன்னாத்தான் படிச்சவன்னு நெனப்பாங்க."

"சிரிப்பாங்க மதினி."

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஒனக்கு என் வாயில இங்கிலீஷ் வந்தாலே பிடிக்கல. வீட்டுக்கு ஒரு எம்.ஏ. போதும்னு நெனக்கிற. நகரு, பருப்பு அடிப்பிடிக்குது."

நான் நகர்ந்துவிட்டேன். மறுநாள் பதினோரு மணி வாக்கில் கையில் ஜாங்கிரிப் பெட்டியோடு வந்தார் மதினி. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"மொதல்ல ஒரு மேடம் மட்டுந்தான் இருந்தாங்க. பங்க்சுவலான்னு கேட்டாங்க. யெஸ் மேடம்னேன். உடனே வாக்கியத்தச் சொல்லிட்டேன். அந்த மேடம் அப்படியே பாத்தாங்க. பக்கத்து ரூம்ல இருந்து ஒரு சாரக் கூப்டாங்க. இன்னொரு தடவ சொல்லுங்கன்னாங்க, சொன்னேன். ஆனெஸ்ட்டுக்குன்னு கேட்டாரு அவரு. கூலியாள், பணப்பை, ஓர் அணா, அம்புட்டும் சொன்னேன். அப்புறம் ரெண்டு நர்ஸ் பிள்ளைக வந்துச்சுக. ஆளாளுக்கு ஒரு வார்த்த கேட்டாங்க. ஒண்ணக்கூட நான் விடல. கடைசில கை தட்டுனாங்க!"

"பரவால்லயே" என்றது அண்ணன், ஜாங்கிரியோடு.

என் கையிலும் ஒரு ஜாங்கிரி இருந்தது. இன்னும் கடிக்கவில்லை. "மதினி, வாக்கியம் தவிர வேற எதாவது கேட்டாங்களா? எங்க படிச்சீக, வீடு எங்க, போன் எடுத்துப் பேசத் தெரியுமா, இந்த மாதிரி?"

யோசித்தார். "கேக்கல."

"நைட் டூட்டி பாப்பீகளான்னு?"

"இல்ல. ஏன்?"

"அப்ப அவங்க வேடிக்க பாத்திருக்காங்க. கேலி பண்ணிருக்காங்க மதினி."

மதினி முகம் எப்படி மாறியது என்று நான் எழுதப் போவதில்லை. பெட்டியை மூடினார். என்னிடம் வந்தார். "கைல இருக்கறத வையி" என்றார். ஜாங்கிரியை என் விரல்களிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போட்டு, ரப்பர் பேண்டைப் போட்டு, பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார். அந்தப் பெட்டிக்கு எறும்பு வரிசை கட்டிய பிறகும் யாரும் அதைத் தொடவில்லை.

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை அண்ணனிடமோ சுவரிடமோ சொல்வார். "சில பேருக்குச் சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்று சுவரிடம் சொன்னால் எனக்கு என்று அர்த்தம்.

நான் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டினேன், மாஸ்டரைத் திட்டினேன், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் புத்தகத்தைத் திட்டினேன். பெண்ணொருத்தி நல்ல சேலை கட்டி, பஸ் ஏறிப் போய், ஒரு துரையின் குரலில் ஒரு சமையல்காரனை வேலையை விட்டு நீக்கிவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் தனக்கு ஒரு வேலை கேட்கப் போன இடத்தில். எழுதியவன் கல்லறையில் நிம்மதியாக இருக்கிறான்.

அந்த வாரம் வியாழக்கிழமை மதினியின் போன் அடித்தது. அடுப்படியில் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அந்த மேடம்தான். ரிசப்ஷனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். ஆனால் போனில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மதினியின் குரல் கணீரென்று இருக்கிறது, ஒரு சொல் விழுங்காமல் பேசுகிறார், அதனால் திங்கட்கிழமை இன்னொரு தடவை வரட்டும் என்றார்கள். "ஆனா அந்தப் புக்ல உள்ளது வேண்டாம்மா. நீங்களா ரெண்டு நிமிசம் பேசுங்க. ஒரு பேஷன்ட் போன்ல கூப்டுற மாதிரி நாங்க கேப்போம்."

மேசை இருக்கிறதா என்று கேட்டார் மதினி. இருக்கிறது என்றார்கள்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக சென்டருக்குத்தான் போனார். நானும் பின்னாலேயே போய் அங்கே போர்டு துடைத்துக்கொண்டு நின்றேன்.

"சார், நானா ரெண்டு நிமிசம் பேசணுமாம். சொந்த வாக்கியம் வேணும் சார்" என்றார் மதினி.

மாஸ்டர் சிரித்தார். "சொந்த வாக்கியம்னு ஒண்ணு கிடையாதும்மா. இங்கிலீஷ் என்ன நம்ம பூர்வீகச் சொத்தா? அவன் எழுதி வச்சிருக்கான், நாம எடுத்துக்கிறோம்." ஜெராக்ஸ் கட்டைப் புரட்டி 'ஹாஸ்பிடல்' பக்கத்தின் நகலை நீட்டினார். மருத்துவமனை: ஏழைகளையும் முடவர்களையும் தர்மத்துக்குப் பராமரிக்கும் இடம். உதாரண வாக்கியத்தில் ஒரு துரை மருத்துவமனைக்குப் பழைய போர்வைகளை நன்கொடையாகக் கொடுக்கிறார். "இத நல்லா மனப்பாடம் பண்ணிட்டுப் போ. அசந்துருவாங்க."

மதினி அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்தார். வீட்டுக்கு வந்ததும் அடுப்புத் திட்டில் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் போட்டார். துரையின் போர்வைகள் எண்ணெயில் ஊறுவதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் முதன்முறையாக ஒரு மரியாதை வந்தது. ஆனாலும் பேச்சு வார்த்தை இல்லை.

நான் என் டிக்சனரியை அதற்குள் ஆரம்பித்திருந்தேன். ஒரு நீள நோட்டில், சொல்லுக்கு ஒரு பக்கம். மூன்று சொல்லுக்கு மேல் நகரவில்லை. 'ஐடில்' பக்கத்தில், சுரண்டுபவர்கள் உழைப்பவர்களின் ஓய்வுக்கு இட்ட பெயர் என்று பொருள் எழுதி, அதற்கு இங்கிலீஷில் மூன்று வரியில் ஒரு உதாரண வாக்கியமும் எழுதிவிட்டு, நாமா இப்படி எழுதினோம் என்று நானே வியந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை. மதினி என் தலைக்கு மேலே நின்று வாசித்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

"மாஸ்டர் புக்கே தேவலாம்" என்றார். சுவரிடம் இல்லை, என்னிடம்.

"ஏன், என்னவாம்?"

"இத மனப்பாடம் பண்றதுக்குள்ள ஆஸ்பத்திரியவே இடிச்சுருவாங்க. சோம்பேறின்னா யாருன்னு கேக்க ஒனக்குப் பொஸ்தகம் எதுக்குத்தா? நான் சொல்றேன், எழுது. எட்டு மணிக்கு எந்திரிச்சு 'மதினி காபி'ங்குறவ. படுத்த பாயச் சுருட்டாதவ. குளிச்சுட்டு வாளில தண்ணி பிடிச்சு வைக்காதவ. அவதான் சோம்பேறி."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "தமிழ்ல யாரு வேணாலும் திட்டலாம். முடிஞ்சா இங்கிலீஷ்ல திட்டுங்க."

"என்னது?"

"உங்களால முடியாது. நீங்க சமையல்காரனத்தான் திட்டுவீக."

கையில் இருந்த கத்தியைத் தரையில் வைத்தார். பாதி நறுக்கிய கத்தரிக்காய் உருண்டது. "மை நாத்தனார் இஸ் ஐடில்" என்றார். நின்றார். தனக்கே கேட்டதா என்று பார்த்தார். அப்புறம் அணை திறந்த மாதிரி வந்தது. "ஷி வேக் அப் எய்ட் ஓ கிளாக். ஷி வான்ட் காபி. ஷி நாட் ஃபில் தி பக்கெட். எவ்ரி டே ஐ ஃபில் தி பக்கெட். ஷி இஸ் எம்.ஏ.! பக்கெட் இஸ் எம்ப்டி!"

தறிக்கு மேலே கேட்கிற குரல். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "என்னம்மா, இங்கிலீஷ்ல சண்டையா?" என்று கேட்டார்.

"யெஸ்!" என்றார் மதினி அந்தப் பக்கம் திரும்பி.

நான் நோட்டில் எழுதியதைக் குறுக்காக அடித்துவிட்டு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். திருத்தம் எதுவும் செய்யவில்லை. கோபமா சந்தோசமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. "அடுத்து பங்க்சுவல்" என்றேன்.

"ஒங்க அண்ணன். மில்லு வண்டிக்கு மட்டும் பங்க்சுவல். என்னைய சினிமாவுக்குக் கூட்டிப் போறேன்னு சொன்ன அன்னைக்கு நாட் பங்க்சுவல்."

"பேஷன்ஸ்?"

"கல்யாணம் ஆனதுல இருந்து ஒங்க அம்மா போன்ல பேசுறதக் கேட்டுக்கிட்டு ஊங்கொட்டுறேன் பாரு, அது பேஷன்ஸ்."

"எங்கம்மாவ ஏன் இழுக்குறீக?"

"நீதான கேட்ட? எழுது."

எழுதினேன். அன்றைக்கும் மறுநாளும் அப்படித்தான் போனது. நான் ஒரு சொல்லைத் தூக்கிப் போடுவேன், மதினி அதற்கு வீட்டில் யாரையாவது பிடிப்பார். முதலில் தமிழில் திட்டு, உடனே இங்கிலீஷில். சாப்பிட உட்கார்ந்த அண்ணனை 'கிரீடி' என்ற சொல்லுக்குப் பிடித்துக்கொண்டார். அது தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் 'ஆனெஸ்ட்' வந்தது. அதற்கு மட்டும் மதினி நேராக என் பக்கம் திரும்பினார்.

"ஆனெஸ்ட்னா, ஒருத்தி ஜாங்கிரி வாங்கிட்டு வந்து நிக்கும்போது, ஒன்னையக் கேலி பண்ணாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவ" என்றார். "அது நல்ல குணம்னு நான் சொல்லல. அதையும் சேத்து எழுது."

அதையும் சேர்த்து எழுதினேன். எங்கள் டிக்சனரியில் அந்தச் சொல்லுக்கு இப்போது பொருள் இதுதான்: கேட்காமலே உண்மை சொல்பவர், நல்லவர் என்று அவசியமில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கில் இதற்குப் பக்கத்தில் நிற்க ஒரு பொருள் இருந்தால் காட்டட்டும்.

ராத்திரி வகுப்பு தொடங்குமுன் நோட்டைக் கொண்டுபோய் மாஸ்டர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலைந்து பக்கம் புரட்டினார்.

"டிக்சனரியா இது? ஒரு குடும்பத்துச் சண்ட."

"ஆமா சார்."

"கிராமர் ஒரு வரிலயும் இல்ல."

"ஆனா யாரும் எழுதிக் குடுக்கல சார். பூரா அவங்களே பேசுனது."

"பேசி என்ன? திட்டு. ஆஸ்பத்திரில போன எடுத்து, 'பக்கெட் இஸ் எம்ப்டி'ன்னு கத்துவாளா? அவங்க ஒரு பேஷன்ட் மாதிரி பேசுவாங்க. இவ பதில் சொல்லணும். தன்மையா. ஒன் மதினிக்குத் தன்மையா ஒரு வாக்கியம் வருமா?" நோட்டைத் தள்ளினார். "திங்கக்கிழம வேலையோட வரட்டும், ஒன் நோட்ட ஜெராக்ஸ் எடுத்து நானே பாடம் நடத்துறேன். இல்லன்னா ஐடில் பக்கம் இருபது காப்பி. மறக்கல நான்."

படி இறங்கும்போது அவரைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால் அந்தக் கிழட்டுக் கழுகு சரியான இடத்தில் கொத்திவிட்டது. மதினி இங்கிலீஷ் பேசுவது கோபத்தில் மட்டும்தான். கோபம் இறங்கினால் இங்கிலீஷும் இறங்கிவிடுகிறது. நேற்று நான் நல்லவிதமாக, 'குட் மார்னிங், டாக்டர் இருக்காரா' என்று இங்கிலீஷில் கேட்டுப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, அந்தப் பழைய சமையல்காரன் எட்டிப் பார்த்தான். ரெண்டு பேரும் பயந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து மாஸ்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். மதினி கேட்டுவிட்டு, "அந்தாளு மண்டையில ஐடில்னு எழுதி ஒட்டணும்" என்றார். அப்புறம், "என்ன பண்ணலாம்?" என்றார். என்னிடம் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜெராக்ஸ் தாளிலிருந்து அந்தப் பனைமரத்தடி ஆளை நான் கத்தரித்து வைத்திருந்தேன். 'ரெஸ்ட்' என்று ஒரு பக்கம் போட்டு அவனை அங்கே ஒட்டினேன். மண்வெட்டி கசங்காமல் விழுந்தது. அதற்கு ஒரு வாக்கியம் கேட்டேன்.

"ரெஸ்ட்டுக்கா? எடுத்தாத்தான சொல்ல" என்றார் மதினி. "திங்கக்கிழம கழிச்சுக் கேளு."

அதனால் அந்தப் பக்கம் படத்தோடு நிற்கிறது. நாளைக்கு ஞாயிறு. அண்ணனுக்கு லீவு, சமையல் அதன் தலையில். இஸ்திரி போடுகிற மேசையைத் துடைத்து அறை நடுவில் போட்டாயிற்று. அதன்மேல் மதினியின் போன். அந்தப் பக்கம் மதினி உட்காருவார், நல்ல சேலையில். நான் மொட்டை மாடிக்குப் போய் அங்கிருந்து போன் போடுவேன். இங்கிலீஷில்தான். திண்டுக்கல்லிலேயே மோசமான நோயாளியாக இருக்கப் போகிறேன். டாக்டர் எங்கே என்று கத்துவேன், ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன் என்று பொய் சொல்வேன், நீங்கள் வாங்குகிற சம்பளம் தண்டம் என்பேன். இத்தனை நாள் மதினி என்னைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்துத் திட்டுவேன். மதினி ஒரு முறைகூடத் திருப்பித் திட்டக் கூடாது. கோபம் உள்ளே இருக்க வேண்டும், வாக்கியம் மட்டும் தன்மையாக வெளியே வர வேண்டும். வந்தால் அதை அப்படியே 'பொலைட்' பக்கத்தில் எழுதுவேன். வராவிட்டால் கீழே இறங்கி வந்து, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மறுபடி மாடிக்குப் போய் முதலிலிருந்து திட்டுவேன்.